கண்ணில் விழுந்த ராகிச் சொங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் நோய் என்றாலே எங்கள் பாலக்கோடு பக்கம் புரையைப் பற்றித்தான் பேச்சு. முகாம் போட்டு, வண்டியில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம். களத்துமேட்டில் பறிபோகும் கண்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

போன மார்கழியில் அம்மா ராகி தூற்றிக்கொண்டிருந்தார். காற்று திரும்பியதில் சொங்கு வலது கண்ணில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நாக்கு நுனியால் எடுத்துவிட்டார். உறுத்தல் நிற்காததால் தாய்ப்பால் விட்டோம். மறுநாள் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. சரி, ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஐந்தாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. வெளிச்சம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே தருமபுரி வரை பஸ்ஸில் வந்தார்.

கண் டாக்டர் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார். நான் வாங்கிய மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அது மேலே சிவப்பை அடக்கும், உள்ளே பூஞ்சையை வளரவிடும். அப்புறம் பூஞ்சையைக் கொல்லும் நேட்டமைசின் சொட்டு, மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும் எழுப்பி எழுப்பி விட்டேன். ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. இப்போது அரிசியில் கல் பொறுக்கும்போது அம்மா முறத்தை இடது பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்கிறார். அந்த முதல் சொட்டை என் கையால் விட்டேனே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூரில், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்த் தொண்டர்களே குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை என்கிறது 2001இல் வெளியான ஆய்வு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வரும் அந்தப் பெண்களின் பையில் இந்தக் களிம்பும், கீறலைப் பச்சையாகக் காட்டும் சாயத்தாளும், ஒரு நீல டார்ச்சும் சேர்ந்தால் போதும். சுகாதாரத் துறை அவர்களுக்கு இதற்கான பயிற்சி தர வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு விற்பதையும் நிறுத்த வேண்டும். அடுத்த ராகி களத்துக்கு வருவதற்குள் இதைச் செய்யுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.