ஹெட்டைக் கழற்றும் முன்

உவரி,
ராத்திரி 9 மணி

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

அன்புள்ள மக்கா,

ஆலப்புழையில் உன் டூரிஸ்ட் படகு எஞ்சின் சூடாகிறது என்று நீ போனில் பாதி சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் தங்கச்சி இதைப் படம் எடுத்து அனுப்புவாள், சிக்னல் வரும்போது உனக்கு வந்து சேரும். நாளைக்குக் காலையில் மெக்கானிக் எஞ்சினின் மேல்பாகத்தை, அந்த ஹெட்டை, கழற்ற வருகிறான் என்றாயே, அதற்கு முன்னால் இதை வாசித்துவிடு.

நீ சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். மெதுவாகப் போனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. வேகம் ஏற்றினால் கால் மணி நேரத்தில் சூட்டு மீட்டரின் முள் நூறைத் தொடுகிறது. வேகத்தைக் குறைத்தால் தானாக இறங்குகிறது. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கிற கேஸ்கெட் போனாலும் இப்படிக் காட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியில் குமிழ் வந்துகொண்டே இருக்கும், இல்லையென்றால் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கும். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சுனாமிக்கு முந்தின வருஷம் நான் தூத்துக்குடியில் ஒரு விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. தடைக்காலம் முடிந்து கடல் திறந்த வாரம், மீன் நல்ல பாடு. எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சுகிற ஹோஸ் வெடித்துவிட்டது. கம்பி போட்ட ஹோஸ்தான் போட வேண்டும், எனக்குத் தெரியும். கடையில் இல்லை. அவசரத்துக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சை ஹோஸை வாங்கி மாட்டிவிட்டேன். இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் உன் எஞ்சின் மாதிரியே சூடானது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹெட்டைக் கழற்றினேன். லேத்துக்குக் கொண்டுபோய் முகம் இழைத்து, புது கேஸ்கெட் போட்டு மாட்ட ஆறு நாள். மறுபடி கடலுக்குப் போனோம், மறுபடி அதே சூடு. படகில் ஒரு சின்னப் பையன் எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மாமா, இந்தக் குழாய் ஏன் சப்பிப்போய்க் கிடக்கு?" என்று கேட்டான். சப்பிப் போட்ட பனங்கொட்டை நார் மாதிரி தட்டையாகக் கிடந்தது. எஞ்சின் ஓடுகிற சூட்டில் ரப்பர் இளகியிருக்கிறது. வேகத்தில் பம்ப் இழுக்கிற இழுப்புக்கு ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்கிறது, எஞ்சினை நிறுத்தினால் விரிந்து ஒன்றும் தெரியாதது போல நிற்கிறது. கரையில் நின்று பார்த்த எனக்கு அது எப்படித் தெரியும்? லேத் கூலி, கேஸ்கெட், ஆறு நாள் நஷ்டம் எல்லாவற்றையும் படகுக்காரச் சம்மாட்டி என் பங்கில் பிடித்தார். அந்த கிறிஸ்துமஸுக்கு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினேனே, காரணம் அந்தப் பச்சை ஹோஸ்தான்.

சரி, உன் படகுக்கு வருவோம். தண்ணீர் வருகிற வழியிலேயே நீயும் போ. வெளியே இருந்து உள்ளே. முதலில் வேகத்தில் போகும்போது பின்னால் சைலன்சர் வழியாக விழுகிற தண்ணீரைப் பார். குபுகுபு என்று விழ வேண்டும். குறைந்து ஆவியாக வந்தால் கோளாறு கடல் தண்ணீர்ப் பக்கம். உன் இடத்தில் காயல் தண்ணீர் என்று வைத்துக்கொள். நன்றாகவே விழுகிறது, அப்படியும் முள் ஏறுகிறது என்றால், எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்ணீர்ப் பக்கம் பெல்ட்டைப் பார். மீட்டரையும் சந்தேகப்படு. சூட்டை அளக்கிற துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் வாங்கி, சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட் இருக்கிற கூட்டில் நீட்டிப் பார். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அது வேண்டாம். அது காய்ச்சலோடு நின்றுவிடும், பட்டறைக்காரர்கள் வைத்திருப்பது வேறு.

எனக்கு உன் ஆலப்புழைக் காயலில் சந்தேகம் அமலைச்செடி, அந்த ஆகாயத்தாமரை மேல்தான். மார்கழி வந்துவிட்டது, கடல் உப்பு ஏறாமல் தடுக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பை அடைத்திருப்பார்கள். உப்பு ஏறாவிட்டால் அமலை சாகாது. நம் தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எப்படிப் பாய் விரித்த மாதிரி கிடக்கும், பார்த்திருக்கிறாய் அல்லவா. எங்களுக்குக் கடலில் சொறி மீன் வந்து வாயை அடைக்கும், உனக்கு அமலை வேர். படகுக்கு அடியில் தண்ணீர் ஏறுகிற சல்லடையில் வேரோ பாலிதீன் பையோ ஒட்டினாலும் அந்த ஹோஸ் செய்த வேலையைத்தான் செய்யும். நின்றால் கழன்று கிடக்கும், வேகத்தில் அடைக்கும். யாரையாவது முங்கிப் பார்க்கச் சொல், எஞ்சினை நிறுத்தி சாவியை உன் இடுப்பில் வைத்துக்கொண்டு. அப்படியே புரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பாரம் இழுத்தாலும் சூடாகும்.

அடுத்து வெளித் தண்ணீர் உள்ளே வருகிற வால்வை, அந்த சீகாக்கை, அடைத்துவிட்டு, குப்பையை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னரைத் திற. கழுவினால் மட்டும் போதாது, மூடியின் ரப்பர் வளையத்தைப் பார். அது வெடித்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கும். திரும்ப சீகாக்கைத் திறக்க மறந்துவிடாதே. பிறகு எஞ்சினை வேகத்தில் வைத்து ஹோஸைக் கையால் அமுக்கிப் பார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பார், பெல்ட் கைலியைப் பிடித்தால் கேள்வி கேட்காது.

பம்ப் மூடியையும் கழற்று. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர்ச் சக்கரம், இம்பெல்லர், இதழ் இதழாக இருக்கும். ஒரு இதழ் இல்லை என்றால் புது இம்பெல்லர் போட்டு நிம்மதியாகிவிடாதே. போன இதழ் எங்கே? தண்ணீரோடு போய், எஞ்சின் தண்ணீரின் சூட்டை இறக்குகிற கூலர் வாயில் உட்கார்ந்திருக்கும். கூலரின் இரண்டு பக்க மூடியையும் கழற்றினால் இடியாப்ப அச்சு மாதிரி துளைகள் தெரியும். துருப் பிடிக்காமல் இருக்கப் போட்ட துத்தநாகக் குச்சி உடைந்த துண்டு, சேறு, இம்பெல்லர் இதழ் எல்லாம் அங்கேதான் சேரும். இரும்புக் கம்பியால் குத்தாதே, குழாய் மெல்லிசு. தென்னை ஈர்க்கு போதும். புது இம்பெல்லருக்கு கிளிசரின் தடவிப் போடு, இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர். உலர்ந்து சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா மெக்கானிக்கும் முதலில் செய்கிற வேலை அதுதான், அவன் சொல்லித்தான் நீயும் செய்திருப்பாய். அது இல்லாமல் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடக் குடிக்கும். சில எஞ்சினில் தண்ணீர் கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிவிடும், சூடு இன்னும் கூடும். குப்பையில் கிடந்தால் எடு. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கு, அடியில் தொடக் கூடாது. அதன் மேலேயே 82 என்றோ வேறு எண்ணோ பொறித்திருக்கும், அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாற்று. சமையல்காரரின் சட்டியை எடுக்காதே. நான் உங்கம்மாவின் குழம்புச் சட்டியில் செய்துவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

இன்னொன்று. சூடாக இருக்கும்போது தொட்டி மூடியைத் திறக்காதே. உள்ளே தண்ணீர் நூறுக்கு மேலும் கொதிக்காமல் அடங்கி நிற்கும், மூடியை எடுத்ததும் முகத்துக்கு வரும். தண்ணீர் வற்றிப்போன சூட்டு எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், அப்புறம் நிஜமாகவே கழற்ற வேண்டியதுதான்.

மெக்கானிக்கிடம் சண்டை போடாதே. அரை நாள் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேள். டூரிஸ்ட் புக்கிங் இருக்கிறது என்று சொல்வார். ஹெட்டைக் கழற்றினால் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் அவரே அரை நாள் தருவார்.

அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. பனங்கிழங்கு இன்னும் பத்து நாளில் பிடுங்கலாம், நாகர்கோவிலில் இருந்து அந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். ஹோஸைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. எந்நேரமானாலும் சரி, முழித்திருப்பேன்.

அப்பா