ஆபரேஷனோடு செலவு முடியாது, கண்ணம்மா

கண்ணம்மா,

உன்னோடு வேலை பார்க்கிற அந்தத் தம்பிக்கு இதய வால்வு மாற்ற வேண்டும், அகதியாக வந்தவர், கையில் காசில்லை, நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்புதான். கண்டிப்பாகச் செய். இருபது வருடம் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் உட்கார்ந்தவள் என்பதால் சிலதைச் சொல்கிறேன்.

எல்லாரும் ஆபரேஷனுக்குத்தான் கணக்குப் போடுவார்கள். உலோக வால்வு வைத்தால் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும், மருந்தின் வேகம் குறைந்தால் வால்விலேயே ரத்தம் கட்டிவிடும், கூடினால் ரத்தக்கசிவு. விலங்குத் திசுவில் செய்கிற திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் சின்ன வயதுக்காரருக்கு அது சீக்கிரம் தேய்ந்து இன்னொரு ஆபரேஷனில் கொண்டுபோய் விடும். எதை வைக்கப் போகிறார்கள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்கச் சொல்.

ஒருநாள் ஒருவர் மருந்துச்சீட்டை என் பக்கம் தள்ளினார். மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த சீட்டு. "இதில் எது இல்லாமல் சமாளிக்கலாம், அம்மா?" என்று கேட்டார். அவருடைய ஆபரேஷனுக்கு யாரோ முழுப் பணமும் கட்டியிருந்தார்கள். மாத்திரைக்கு யாரும் இல்லை. அந்தக் கேள்வியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அப்புறம், பணம் கேட்கக் கிளம்பும் முன் அவருக்கு உரிமையாக என்ன கிடைக்கும் என்று பாருங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, சட்டப்படி தங்கியிருக்கிற அகதிக்குப் பொது உதவியில் குடிமக்களுக்குச் சமமான இடம் தரச் சொல்கிறது. அவர் இப்போது தங்கியிருக்கிற நாடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரி. ஐநா அகதிகள் அமைப்பிடமும் கேளுங்கள். செலவு கூடிய சிகிச்சை என்றால் அவர்கள் குணமாகும் வாய்ப்பையும் செலவையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார்கள், அதனால் அதையே நம்பி இருக்க வேண்டாம், ஆனால் விண்ணப்பம் போடாமலும் விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் முதலில் அவரைப் பிடி, சலுகைக்கான வழி அவருக்குத்தான் தெரியும். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, பணத்தை நேராக ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டுங்கள்.

அவர் படத்தையும் பெயரையும் கேட்காமல் எங்கேயும் போடாதே. ஊரில் இன்னும் அவர் குடும்பம் இருக்கலாம், யார் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியாது. டாக்டர் பேசுவதை மொழிபெயர்க்க அவர் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், அப்பாவுக்கு உயிர் ஆபத்து என்பதைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பாவம்.

தேதி தெரிந்ததும் போன் பண்ணு. அன்றைக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே யார் உட்காரப் போகிறார்கள் என்றும் கேட்டுவை. முதல் ஆறு மாத மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அம்மா அனுப்புகிறேன், அதை ஆபரேஷன் பணத்தோடு சேர்த்துவிடாதே.

அம்மா