கதீட்ரல் சாலை, இரண்டாம் எண்

அன்பு நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். முழங்கால் தேவலை. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அந்தக் குடை என்னிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கதீட்ரல் சாலையில் அந்த ஐந்து நட்சத்திர ஓட்டலைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எத்தனை நூறு தடவை அதைக் கடந்திருப்போம்! ‘தி ஹிந்து’ பத்திரிகையின் கஸ்தூரிரங்க ஐயங்காரின் பங்களா நின்ற இடம் அது. திலகர் பவன் என்று பெயர். சேலத்தை விட்டு வந்த ராஜாஜி அதில் குடியிருந்தார். 1919 மார்ச்சில் காந்தி வந்து தங்கினார். ஐயங்காரின் விருந்தாளி என்றே இரண்டு நாள் நினைத்திருந்தாராம். சோறு போடுகிறவர் ராஜாஜி என்று அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய்தான் சொல்லியிருக்கிறார்.

விசாரணையில்லாமல் யாரையும் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் மசோதா சட்டமாகிவிட்ட செய்தி வந்தது. அதை எப்படி எதிர்ப்பது என்ற யோசனையோடு அன்றிரவு படுத்த காந்திக்கு, விடியலில், தூக்கம் கலைந்தும் கலையாத நேரத்தில் தோன்றியது: நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசம் இருந்தால்? எழுந்ததும் ராஜாஜியிடம் சொன்னார். மார்ச் 30 என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6 என்று மாற்றினார்கள். டெல்லி 30ஆம் தேதியே கடையடைத்துவிட்டது. இந்தியா முழுவதும் அசைந்ததே, அது நம் ஊரில் ஒரு படுக்கையறையில் தொடங்கியது!

பாரதி நுழைந்ததும் ராஜாஜியின் அந்த வீட்டில்தான். நேரே காந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க முடியுமா என்று கேட்டார். இன்று இயலாது என்றதும், உங்கள் இயக்கத்தை வாழ்த்துகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். உடனிருந்த எழுத்தாளர் வ.ரா. எழுதி வைத்தது இது. யார் இவர் என்று காந்தி கேட்டாராம். எங்கள் கவி என்றார் ராஜாஜி. இவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாராம் காந்தி. 1921 செப்டம்பரில் பாரதி இல்லை. அவரையும் நாம் பார்த்துக்கொள்ளவில்லை, அந்த வீட்டையும் பார்த்துக்கொள்ளவில்லை. 1975இல் அங்கே ஓட்டல் திறந்தார்கள். எனக்கு ஆறவே இல்லை, நண்பா.

உன் அப்பா அறுபதுகளில் தினமும் அந்த வழியாகத்தானே சைக்கிளில் ஆபீஸ் போனார்? அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேள். கேட்டிலிருந்து வீடு எவ்வளவு உள்ளே தள்ளி இருந்தது? வாசலில் எத்தனை படி? மாடி ஜன்னல் சாலையைப் பார்த்ததா? மரம் இருந்ததா, என்ன மரம்? வழக்கம்போல மூன்று வரியில் முடிக்காமல், அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்பு.

உன்
பழைய அறைத்தோழன்