சேட்டிலைட் சொல்ற நம்பரை யாரு சரிபாக்கறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை சேட்டிலைட் வச்சு அளக்கறதப் பத்தி நீங்க போட்டிருந்த கட்டுரை படிச்சேன். நல்ல கட்டுரைதான், இந்த விஷயத்தையெல்லாம் யாரு இவ்ளோ இடம் குடுத்துப் போடறாங்க, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா நடுவுல "இனி தரையில் அளவீட்டு நிலையங்களுக்கு அவசியம் இருக்காது"ன்னு ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அது தப்புங்க, அதுவும் சின்னத் தப்பு இல்ல. நாளைக்கு எங்கயோ ஒரு ஸ்டேஷனை மூடறாங்கன்னு செய்தி வந்தா, அதான் மேல சேட்டிலைட் இருக்கேன்னு படிக்கறவங்க விட்டுருவாங்க.

சேட்டிலைட் இந்த வாயுவை நேரா அளக்கறதே இல்ல, அது அளக்கறது வெளிச்சத்த. சூரிய வெளிச்சம் காத்துக்குள்ள பூந்து தரையில பட்டு திரும்ப மேல போறப்ப, அலைநீளம் 1.6 மைக்ரான், 2.06 மைக்ரான் பக்கம் கொஞ்சத்த கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சிக்கும், 0.76 மைக்ரான் பக்கம் ஆக்சிஜன் உறிஞ்சும். எவ்ளோ வெளிச்சம் காணாம போச்சுன்னு பாத்து, அதுலேருந்து கணக்குப் போட்டுத்தான் அந்த எடத்துக்கு மேல நிக்கற மொத்தக் காத்தோட சராசரி இத்தன பிபிஎம்னு (பத்து லட்சம் பங்குல இத்தன பங்குன்னு) சொல்றாங்க. நடுவுல மெல்லிசா ஒரு மேகம் இருந்தாலோ தூசி இருந்தாலோ வெளிச்சம் வர்ற பாதையே மாறிடும். கீழ இருக்கறது கருகருன்னு காடா, பளிச்சுன்னு பாலைவனமா, கடலாங்கறத பொறுத்தும் கணக்கு ஆடும். 420 பிபிஎம்ல ஒரு பிபிஎம் வித்தியாசத்தப் புடிக்கணும்னா கால் சதவீதத்துக்குக் கீழ தப்பு நிக்கணும், யோசிச்சுப் பாருங்க.

இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்லல, நடந்தது. ஜப்பான் 2009 ஜனவரில கோசாட்னு ஒரு சேட்டிலைட்ட அனுப்பிச்சாங்க, பசுமை இல்ல வாயுக்களுக்குன்னே செஞ்சது. (அடுத்த மாசமே நாசா இதே வேலைக்கு அனுப்பின ஓசிஓங்கற சேட்டிலைட், ராக்கெட்டோட மூக்கு மூடி கழலாம சுற்றுப்பாதைக்கே போகாம விழுந்துருச்சு, அதோட வாரிசு ஓசிஓ-2 போக 2014 ஜூலை ஆயிருச்சு.) கோசாட்டோட முதல் டேட்டாவ தரை ஸ்டேஷன் நம்பரோட வச்சுப் பாத்தா சராசரியா கிட்டத்தட்ட 9 பிபிஎம் கம்மியா காட்டுது! உலகம் முழுக்க ஒரு வருஷத்துக்கு ஏறறதே ரெண்டு ரெண்டரை பிபிஎம்தான். அப்புறம் தூசிக் கணக்கு, உறிஞ்சல் கணக்கு எல்லாத்தையும் திருத்தி அடுத்த வெர்ஷன்ல வித்தியாசத்த ஒன்றரை பிபிஎம் கிட்ட கொண்டாந்தாங்க. கீழ ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்லன்னா அந்த 9 பிபிஎம் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அந்த ஒப்பீட்டுக்குன்னே இருக்கற நெட்வொர்க் பேரு டிக்கான். 2004ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல பார்க் ஃபால்ஸ்ங்கற எடத்துல ஆரம்பிச்சது, இப்ப ஆஸ்திரேலியாவுல டார்வின், நியூசிலாந்துல லாடர், பின்லாந்துல சோடன்கிலா, ஜப்பான்ல சுகுபான்னு இருபதுக்கும் மேல ஸ்டேஷன் இருக்கு. ஒரு பெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது வெளிச்சத்த அலைநீளம் வாரியாப் பிரிச்சு அளக்கற கருவி, நேரா சூரியனையே பாத்துக்கிட்டு இருக்கும். நேரா பாக்கறதால தரையில பட்டுத் திரும்பற சிக்கல் கிடையாது, தூசியோட தொந்தரவும் ரொம்பக் கம்மி. அதைவிட முக்கியம், சேட்டிலைட் மாதிரியே இதுவும் மொத்தக் காத்துத் தூணைத்தான் அளக்குது, அதனால ரெண்டையும் பக்கத்துல வைக்கலாம். ஓசிஓ-2ல டார்கெட் மோடுன்னே ஒண்ணு இருக்கு, ஒரு ஸ்டேஷனுக்கு மேல போறப்ப சேட்டிலைட் திரும்பித் திரும்பி அந்த ஒரே எடத்தையே பாத்துக்கிட்டுப் போகும், இந்த சரிபாக்கற வேலைக்காகத்தான் அது. அப்படிப் பாத்துப் பாத்துதான் வித்தியாசத்தோட மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு) 0.4 பிபிஎம்முக்குக் கீழங்கற நெலமைக்கு வந்திருக்கு.

இங்க ஒரு விஷயம், உங்க கட்டுரையில ஹவாய் தீவுல இருக்கற மவுனா லோவா நிலையத்து நம்பரையும் சேட்டிலைட் நம்பரையும் ஒரே கட்டத்துல பக்கத்துப் பக்கத்துல போட்டிருக்கீங்க. 1958ல கீலிங்கற விஞ்ஞானி ஆரம்பிச்சு வச்ச அந்த அளவீடு மலை மேல, சுமார் 3,400 மீட்டர் உயரத்துல, அந்த எடத்துக் காத்த உள்ள இழுத்து அளக்கறது. சேட்டிலைட் நம்பர் கீழேருந்து மேல வரைக்கும் உள்ள சராசரி, அதுல ஸ்ட்ராடோஸ்பியர்ங்கற மேலடுக்குக் காத்தும் சேரும், அது சில வருஷம் முன்னாடி கீழேருந்து மேல போன காத்து, அதனால அதுல கார்பன் டை ஆக்சைடு கம்மியா இருக்கும். ரெண்டு நம்பரும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. இத சொல்லாம விட்டா "பாத்தீங்களா, விஞ்ஞானிங்க நம்பரே ஒண்ணுக்கொண்ணு இடிக்குது"ன்னு கெளம்பறவங்களுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

சரி, டிக்கானை யாரு சரிபாக்கறது? அதுவும் தன்னால கரெக்ட் கிடையாது. உறிஞ்சல் கணக்குல இருக்கற கோளாறுனால திருத்தம் இல்லாம விட்டா ஒரு சதவீதம், அதாவது நாலு பிபிஎம் மாதிரி கம்மியா காட்டும். அதனால ஸ்டேஷனுக்கு மேல விமானத்துல சுத்திச் சுத்தி ஒவ்வொரு உயரத்துலயும் காத்த அளக்கறாங்க, பலூன்ல ஏர்கோர்னு ஒரு நீளமான சுருட்டின குழாயைக் கட்டி அனுப்பறாங்க, மேல போறப்ப குழாய் காலியாகி, எறங்கறப்ப ஒவ்வொரு உயரத்துக் காத்தும் வரிசையா உள்ள நெறைஞ்சுக்கும். அந்தக் கருவிங்களையெல்லாம் சிலிண்டர்ல அடைச்ச அளவு தெரிஞ்ச காத்த வச்சு சரிபண்றாங்க, அந்த சிலிண்டர்களோட மூல அளவு அமெரிக்காவுல போல்டர்ல இருக்கற நோவா (அந்த நாட்டு அரசோட கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) லேப்ல இருக்கு. ஆக சேட்டிலைட் சொல்ற ஒரு நம்பருக்குப் பின்னாடி இத்தன பேர் கைபட்ட ஒரு சங்கிலி இருக்கு, அதுல எந்தக் கண்ணி அறுந்தாலும் மேல வர்ற நம்பர் அந்தரத்துல தொங்கும்.

இவ்ளோ சின்ன வித்தியாசத்துக்கு இவ்ளோ அலட்டலான்னு கேக்கலாம். கோசாட் டேட்டாவ வச்சு 2014ல ஒரு குழு, ஐரோப்பாவோட காடும் நெலமும் வருஷத்துக்கு சுமார் 100 கோடி டன் கார்பனை இழுத்துக்குதுன்னு சொன்னாங்க, தரை அளவீடுகள வச்சு வந்த கணக்கு அதுல பாதி மாதிரிதான். அப்புறம் இன்னொரு குழு, ஐரோப்பாவுக்கு உள்ளயும் வெளியவும் சேட்டிலைட் டேட்டாவுல ஒரு பிபிஎம்முக்கும் கம்மியான தப்பு இருந்தாலே இந்த வித்தியாசம் வந்துரும்னு காட்டினாங்க. ஒரு கண்டம் எவ்ளோ கார்பனை உறிஞ்சுதுங்கற கேள்வியே ஒரு பிபிஎம்கூட இல்லாத அந்தச் சின்னத் தப்பு மேலதான் நிக்குது, நாளைக்கு எந்த நாடு எவ்ளோ கொறைச்சதுன்னு சேட்டிலைட் வச்சு சொல்லப் போறாங்கன்னா இது எவ்ளோ முக்கியம்னு நீங்களே பாருங்க.

கொறை இல்லாம இல்ல. டிக்கான் ஸ்டேஷனும் பகல்ல, மேகம் இல்லாதப்பதான் வேலை செய்யும். பெரும்பாலும் பணக்கார நாடுகள்லதான் இருக்கு, ஆப்பிரிக்காவோட பெரிய நெலப்பரப்பும் வெப்பமண்டலக் காடுகளும் கிட்டத்தட்ட காலி, ஆனா சேட்டிலைட் கணக்கு ரொம்ப சந்தேகமா இருக்கறதும் அங்கதான். இன்னொண்ணு, ஓசிஓ-2 டேட்டாவத் திருத்தறதுக்கே டிக்கான் நம்பரை எடுத்துக்கறாங்க, அப்புறம் அதே டிக்கானை வச்சு சரிபாத்தா பரீட்சைக்கு விடையக் குடுத்துட்டு மார்க் போடற மாதிரி ஆயிடும், அதனால திருத்தத்துல சேராத புது எடங்கள் வேணும். இப்ப தூக்கிட்டுப் போகற சைஸ்ல சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்திருக்கு, நமீபியாவுல நமீப் பாலைவனத்துல கோபபெப்ங்கற எடத்துல ஒண்ணு வச்சிருக்காங்க. அந்த மாதிரி இன்னும் நெறைய வரணும்.

ஆனா நடக்கறது என்ன? 2025ல அமெரிக்க அரசு வச்ச அடுத்த வருஷ பட்ஜெட் திட்டத்துல மவுனா லோவா நிலையத்துக்குக் காசு இல்ல, ஓசிஓ சேட்டிலைட்டுகளையும் நிறுத்தணும்னு இருந்துச்சு. மேலயும் கீழயும் ஒரே நேரத்துல கை வைக்கப் பாத்தாங்க. 1958லேருந்து வர்ற தொடர்ல ஒரு ஓட்டை விழுந்தா அந்த வருஷத்துக் காத்த திரும்பப் போய் அளக்க யாராலயும் முடியாது, எனக்கு இத நெனச்சாலே வயித்தெரிச்சலா இருக்கு.

அதனால தயவுசெஞ்சு அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்க. இனிமே சேட்டிலைட் நம்பர் போடறப்ப அது மொத்தக் காத்துத் தூணோட சராசரியா, இல்ல தரைக்கிட்ட அளந்ததா, எந்த வெர்ஷன் டேட்டா, எந்த தரை ஸ்டேஷனோட ஒப்பிட்டுப் பாத்ததுன்னு படத்துக்குக் கீழ ரெண்டு வரியாவது சேருங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்