முதலில் பாடியவரை யார் நினைக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒருவர் பாடி வெளிவந்த பாட்டை இன்னொருவர் மறுபடி பாடி வெளியிடும் கவர் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்தவர் பாட்டைப் பாடிப் பேர் வாங்குவது சோம்பேறித்தனம், பாட்டை எழுதியவரின் வயிற்றில் அடிப்பது என்கிறார் கட்டுரையாளர். மேடையில் பெரும்பாலும் பிறர் பாட்டையே பாடிவந்தவள் நான், சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அடி யார்மேல் விழுகிறது என்பதில் அவர் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அவரே எழுதியது. புகழ்பெற்ற ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டதும் பார்ட்டன் மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி அது உலகமெல்லாம் ஒலித்தபோது பார்ட்டனுக்குக் கொட்டியது ராயல்டி. எழுதியவருக்கு இதில் என்ன நஷ்டம்?

அடி விழுவது, எழுதாமல் முதலில் பாடியவர்மேல். 'ஹவுண்ட் டாக்' என்றதும் எல்லோரும் எல்விஸைத்தான் சொல்வார்கள். லீபர், ஸ்டோலர் என்ற இருவர் எழுதிய அந்தப் பாட்டு, 1953லேயே பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகியின் குரலில் வெளிவந்து வெற்றி பெற்றிருந்தது. 1956இல் எல்விஸ் பாடினார். அதில் எழுதியவர்களுக்குப் பங்கு உண்டு; உறுமியும் அதட்டியும் அந்தப் பாட்டுக்கு முதலில் உயிர் கொடுத்தவருக்கு இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவருக்கு உரிமை உண்டு. பாடுகிற பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

அதற்காகக் கவர் பாடலே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. 'ஹர்ட்' பாட்டை அமெரிக்க ராக் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 2002இல் மூத்த பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடியபோது அவருக்கு எழுபது. மறு வருடமே இறந்துவிட்டார். ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தவிர வரிகள் அதேதான். ஆனால் இளைஞனின் கசப்பாக இருந்தது கிழவரின் கணக்கு முடிப்பாக மாறிவிட்டது. தளர்ந்த குரலே அதற்குப் போதுமாக இருந்தது. பாட்டு இனி தன்னுடையது இல்லை என்று ரெஸ்னரே சொன்னார். இதையா சோம்பேறித்தனம் என்பது?

சோம்பேறித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே சுருதி, அதே சங்கதி, மூச்சு வாங்கும் இடம்கூட அதே. அப்படி நானும் ஒரு பாட்டைப் பதிவு செய்து போட்டேன். நிறையப் பேர் கேட்டார்கள், பாதிப்பேர் மூலப் பாடகியைப் புகழ்ந்து எழுதினார்கள்! அவர்கள் தேடி வந்தது பாட்டை, என்னை இல்லை. அப்புறம் என் சொந்தப் பாட்டைப் போட்டபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இளம் பாடகர்களுக்கு இன்னொன்று. பாட்டை ஒலியாக வெளியிட வாங்கிய அனுமதி, அதையே வீடியோவாகப் போடவும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். வரிகளை மொழிபெயர்த்துப் பாடுவதற்கும் அப்படித்தான்.

கடைசியாக, தங்கள் இதழிடம் ஒரு கோரிக்கை. இசை மதிப்புரைப் பக்கத்தில் கவர் பாடல் வரும்போது, இப்போது பாடியவர் பெயர் மட்டுமே இருக்கிறது. எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு மேடைப் பாடகி