அண்ணாவுக்கு, பெவர்லி பீச்சிலிருந்து

அண்ணா,

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள நம் ஆர்.வி. வண்டியை விற்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு ஏமாற வேண்டாம். உன் பங்கு வந்து சேரும். எவ்வளவு, எப்போது என்பதை இங்கே எழுத மாட்டேன். பெரியம்மா இதைப் படிப்பாள், அவள் படித்தால் அத்தை வீடும் படித்த மாதிரிதான்.

நியூபோர்ட்டுக்கு 7 மைல் வடக்கே நிற்கிறேன். மூன்றாவது நாளாக மழை. கலிஃபோர்னியாவில் இருக்கிற உனக்கு ஒரிகன் கடற்கரை மழையை விளக்குவது கஷ்டம். இது மேலிருந்து விழுகிற மழை இல்லை, தெற்குக் காற்றோடு படுத்துக்கொண்டு வருகிற மழை. கூரைக்கு அவ்வளவு அடியில்லை. வண்டியின் நெற்றிக்குத்தான், முன்சுவரின் மேல்பகுதிக்கு. அங்கே வரிசையாக இருக்கிற அந்த ஐந்து மஞ்சள் விளக்குகளுக்குத்தான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மேல்கட்டிலில் மெத்தையைத் தூக்கினால் ஊறிய அட்டை வாசனை. இடது ஓரத்தில் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. ஈரம் பார்க்கும் மீட்டரில் 28 சதவீதம். 15-க்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டி அப்படியே நின்றால் அழுகல்தான். சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை என்று நினைக்கக் கூடாது. நடு விளக்கின் திருகு வழியாக இறங்குகிற தண்ணீர், சட்டத்தின் மேலேயே ஓடி, மூன்றடி தள்ளி ஜன்னல் மூலையில் எட்டிப் பார்க்கும். ஜன்னலைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு நாள் போயிற்று.

ஃப்ரீமாண்ட் வீட்டு வாசலில் நீ ஏணி மேல் நின்றாயே, அந்தச் சாயங்காலம். ஓட்டை அடைக்கிற சிலிகான் பசையைப் பிதுக்கிப் பிதுக்கி, எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வழித்தாய். அவ்வளவு பொறுமையாக நீ வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. "இனி ஒரு சொட்டு இறங்காது பார்" என்றாய். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே.

எனக்கு அப்போதே தெரியும். சிலிகான் பூசிய இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் பிடிக்காது, புது சிலிகான்கூட. விளக்குக்கு அடியில் வைக்க வேண்டியது பியூட்டைல் டேப், அந்த மெத்தென்ற ரப்பர்ப் பசை நாடா. அதன்பிறகு மேல்விளிம்பிலும் இரண்டு பக்கமும்தான் பூச வேண்டும், கீழ்விளிம்பைத் திறந்து விடவேண்டும். தப்பித்தவறி நுழைகிற தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. நீ சுற்றிலும் அடைத்தாய். மேலே முடி அளவு விரிசல் விட்டதும் ஒவ்வொரு விளக்கும் ஒரு கிண்ணம் ஆகிவிட்டது, அடியில் இரண்டு திருகு ஓட்டையோடு.

நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். ஆனால் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா? கூரை டேப் விஷயத்தில் வாய் திறந்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவன் நீ. அந்த வாரம் வேறு என்ன நடந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அது இங்கே வேண்டாம்.

இந்த இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தவும் வழியில்லை. முகம் காற்றுக்கு எதிரே இருந்தால் ஆட்டம் குறையும், ஆனால் மழை நேராக விளக்கில் அறையும். முன்பக்கத்தைக் கட்டை வைத்து உயர்த்தினால் கூரைத் தண்ணீர் பின்னால் ஓடிவிடும். ஆனால் ஃப்ரிட்ஜ்? நம்முடையது கேஸில் ஓடுகிற அம்மோனியா ஃப்ரிட்ஜ். அதிகமாகச் சாய்ந்த நிலையில் அதை இயங்கவிட்டால் திரவம் கீழே இறங்காமல் தேங்கும், கொதிகலன் பகுதி காய்ந்து கெடும். அதனால் ஒரே ஒரு கட்டை, அதோடு சரி. மேலே ஸ்ப்ரூஸ் மரங்கள் வேறு. மழை விட்டாலும் அவை ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும், ஊசி இலைகள் கூரை வடிகாலை அடைக்கும்.

ஈரத்தை விரட்ட அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று முன்பு நீ ஒரு யோசனை சொன்னாய். 1 கிலோ புரோபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளேயே வரும். காற்றில்லாத பெட்டிக்குள் கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. வண்டியோடு வந்த ஃபர்னஸ் பரவாயில்லை, அதன் புகை வெளியே போய்விடும். அதைவிட மின் ஹீட்டரைப் போட்டு, கூரை ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைப்பதுதான் சரி. மழையில் ஜன்னலைத் திறக்க மனசு வராது, ஆனால் திறக்க வேண்டும்.

ஹீட்டரைப் போடப் போனபோதுதான் பிரேக்கர் பெட்டிக் கதவில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீல ஸ்கெட்ச் பேனாவில்: "மொத்தம் 30 ஆம்ப். ஹீட்டர் 12.5, மைக்ரோவேவ் 13, வெந்நீர் 12. மூன்றில் இரண்டுதான் பாப்பா." எத்தனையோ முறை திறந்த கதவு. இது எப்போது எழுதினாய்? நான் தனியாகப் போவேன் என்று நீ ஒத்துக்கொள்வதற்கு முன்பா, பின்பா?

பிறகு எதற்கு "பொம்பளைப் பிள்ளை ஒத்தையில் எதற்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய்?

சரி, வேலைக்கு வருகிறேன். ஈரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. மழை விடும்வரை உள் பலகையைத் திறந்து மின்விசிறி வைத்திருக்கிறேன். தார்ப்பாய் கட்டவில்லை, இந்தக் காற்றில் அது படபடத்து பெயின்டைத் தேய்த்துவிடும். வடக்கே அஸ்டோரியா ஊருக்குப் போனபிறகு, வெயில் கிடைத்தால், ஐந்தையும் கழற்றுவேன். பிளாஸ்டிக் சுரண்டியால் உன் சிலிகானை எடுத்து, சிலிகான் கரைக்கும் திரவத்தால் மிச்சத்தை நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் வைத்துத் திருக வேண்டும். பிதுங்குவதை அன்றே வெட்டக் கூடாது, இரண்டு நாள் விட்டு, இன்னொரு முறை இறுக்கிவிட்டு வெட்ட வேண்டும். மேல்பூச்சுக்கும் கூரைக்குப் போடுகிற தானே பரவும் ரகம் உதவாது, செங்குத்துச் சுவரில் வழிந்துவிடும். வழியாத ரகம் வேண்டும். பலகை ஓரடி வெட்டிப் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். நீ போட்ட திருகுகள் துருப்பிடித்து இரண்டின் தலை கையோடு வந்துவிட்டது. இந்த முறை ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் ஓட்டை பெருத்திருப்பதால் ஓர் அளவு கூடுதலாக வாங்க வேண்டும். அன்றைக்கு நீ வாங்கியது 6-ஆம் நம்பரா, 8-ஆ? ஃபோன் வேண்டாம், இங்கே சிக்னல் இல்லை. ஒரு வரி எழுதிப் போடு.

பாப்பா