சாப்பாட்டு நேரத்தில் அந்த விளம்பரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுப்பழக்கத்துக்கு எதிரான தொலைக்காட்சி விளம்பரங்களைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்டிருந்த வாசகர் கருத்துகளை இரண்டு முறை படித்தேன். அவற்றில் ஒரு வாக்கியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. ‘இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் இரத்த வாந்தியையும் வீங்கிய வயிற்றையும் காட்டினால் சோறு எப்படி இறங்கும்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைத் தாங்கள் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள்.

எங்கள் வீட்டிலும் இரவு எட்டு மணி வந்துகொண்டுதான் இருந்தது. என் கணவர் வீடு திரும்பும் நேரம் அது. தெருமுனையில் அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் இருவரும் தட்டில் இருந்ததை அள்ளி விழுங்கிவிட்டு, கைகூடச் சரியாகக் கழுவாமல், பாயில் போய்ப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். தூங்குகிற பிள்ளையை அவர் எழுப்ப மாட்டார் என்பதை என் மகள் ஐந்து வயதிலேயே கண்டுபிடித்துத் தன் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதையும் எழுதியாக வேண்டும். குடிக்காத காலை வேளைகளில் அதே மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். சோறு இறங்காத வீடுகள் அந்த விளம்பரம் வருவதற்கு முன்பே நம் தெருக்களில் இருந்தன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னொரு வாசகர் அந்தக் காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று எழுதியிருந்தார். 2013ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை நான் ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கழித்தேன். என் கணவர் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதக் கர்ப்பிணியைப் போல வீங்கி, கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தார். வயிற்றில் ஊசியைச் செருகி நீரை எடுப்பார்கள். பத்து நாள்களில் மீண்டும் கோத்துக்கொள்ளும். ஒரு விடியற்காலையில் நான் பிடித்திருந்த பேசின் நிறைய இரத்தமாக வாந்தி எடுத்தார். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டதால் இரத்தம் அதன் வழியே போக முடியாமல், உணவுக்குழாயின் நாளங்களில் தேங்கிப் புடைத்து அவை வெடித்துவிட்டன என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். அப்போது என் கணவருக்கு வயது 47. அந்த வார்டில் அதே வயிற்றோடு இன்னும் நான்கு பேர் படுத்திருந்தார்கள். அரை நிமிட விளம்பரம் இதில் எதையும் மிகைப்படுத்த முடியாது, ஐயா.

ஆயினும் அந்த வாசகரை மட்டும் நான் குறை சொல்லிவிட முடியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நானும் ‘மஞ்சள் காமாலை’ என்றுதான் சொன்னேன். எங்கள் தெருவில் மட்டும் இப்படி மஞ்சள் காமாலையில் போனவர்கள் ஆறு பேர். அவர்கள் எதனால் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். நாங்களே இப்படி மூடி வைத்திருக்கும்போது, தொலைக்காட்சியில் திடீரென்று பார்ப்பவருக்கு அது பொய்யாகத் தெரிவதில் வியப்பில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அதை மறைக்காமல் 1980இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காகவே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

புகையிலைக்கு எதிரான விளம்பரங்கள் வந்தபோதும் இதே பேச்சுத்தான் எழுந்தது. 2012 அக்டோபர் முதல் திரையரங்குகளில் அவற்றைக் கட்டாயமாக்கினார்கள். வாய்ப் புற்றுநோயால் 24 வயதில் இறந்துபோன முகேஷ் ஹரானே என்ற மராட்டிய இளைஞனின் முகம் திரையில் வந்தது. என் மகனோடு படம் பார்க்கப் போயிருந்தபோது, பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் அந்த விளம்பரத்தின் குரலைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஒரு பிள்ளையைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடிந்தது என்று அன்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முகம் சுளிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. மது விளம்பரத்தைக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தடை செய்திருந்தும், கிரிக்கெட் ஓவர்களுக்கு இடையே அதே மதுவின் பெயரில் சோடா விளம்பரம் வருகிறது. கதாநாயகன் குடித்துவிட்டு ஆடுகிற பாட்டுக்குக் கீழே, மது உடல்நலத்துக்குத் தீங்கானது என்று கண்ணுக்கெட்டாத எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் இவற்றைக் காட்டலாமா என்று கேட்டு எந்த வாசகரும் தங்களுக்கு எழுதியதாக நினைவில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் நம் மாநில அரசே நடத்துவதும், 2023-24ஆம் ஆண்டில் மட்டும் அதனால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியதும் தாங்கள் அறியாதவை அல்ல. விற்பதும் எச்சரிப்பதும் ஒரே கையாக இருக்கும்போது, எச்சரிக்கையைப் பார்த்து மட்டும் நாம் கோபப்படுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த விளம்பரத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. அது வேறு வகையானது. ‘இன்றே விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டு கார்த்திகை முதல் தேதியன்று என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரே நாளில் குடியை நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார், என்னை யாரென்று கேட்டார், பிறகு வலிப்பு வந்து விழுந்தார். அக்கம்பக்கத்தார் சாமி குற்றம் என்றார்கள். நானும் அதை நம்பி, அவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்ற வைத்தேன். அவர் மறுபடியும் கடைக்குப் போனார். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போகலாம், மருத்துவமனையில் வைத்து மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆண்கள் வார்டில்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று யாராவது ஒருவர் எங்கே போக வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் அவரைத் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். குடியைப் பற்றி இனி எதை வெளியிட்டாலும் அதன் அடியில் மூன்று வரி சேருங்கள்: போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு, நாள்தோறும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சென்ற இதழில் அந்த வாசகரின் கேள்விக்குக் கட்டிய கட்டத்துக்குள் இது முழுவதும் அடங்கிவிடும். இதைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அவை தங்கள் பார்வைக்கு வராமல் போயிருக்கலாம்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். என் மருமகள் வீட்டாரிடம் இன்றுவரை மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.